சாந்த்ராகாச்சி பஸ்

“உதயை சாந்த்ராகாச்சி பஸ்ஸில பார்த்தேன், மாதங்கி. பக்கத்துல ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாக. நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே.”

எதிர் ஃப்ளாட் விசாலம் ஆச்சி விடிகாலையில் காளிகாட் கோயிலுக்குப் போய் வருகிறவர். பொய் சொல்லமாட்டார்.

வேறு யாரோவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மாதங்கி கதவைச் சாத்தினாள். ஆனால் மனசு அதிலேயே நின்றுவிட்டது.

அவள் கணவன் உதய் ஆசை ஆசையாக எலெக்ட்ரிக் கார் வாங்கியவன். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கக்கூட அதில்தான் போவான். கொஞ்ச நாளாக, விடிந்தும் விடியாமல் ‘வாக்கிங்’ என்று கிளம்பிவிடுகிறான். வாக்கிங் போகிறவனுக்கு பஸ் எதற்கு?

அதுவும் அந்த பஸ்.

மாதங்கிக்கு அந்த பஸ்ஸைத் தெரியும், காகிதத்தில். போக்குவரத்துத் துறையில் திட்டப் பிரிவு அதிகாரி அவள். ஊரில் எலெக்ட்ரிக் வண்டிகள் பெருகப் பெருக, பெட்ரோல், டீசலில் வரும் வரி குறைந்துகொண்டே வந்தது. எலெக்ட்ரிக் வண்டிக்கோ வரிச்சலுகை. ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்கும் பணம் சுருங்கிவிட்டது. பழைய டீசல் பஸ்களை எடுத்தாக வேண்டும்; அவற்றுக்குப் பதிலாக வரும் எலெக்ட்ரிக் பஸ்களோ கொஞ்சம்தான். சில தடங்களைக் கைவிட வேண்டும், எவை என்று நீயே சொல் என்றார்கள்.

சாந்த்ராகாச்சி பஸ் பாதி காலியாக ஓடுகிறது என்று கணக்கெடுப்பு சொன்னது. நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்தாள். எழுதிவிட்டு வந்த அன்று உதயிடம் சொல்லிப் புலம்பினாள். அவன் காபி போட்டுக் கொடுத்தான். முடிவான உத்தரவு இன்னும் வரவில்லை.

ஆச்சி சொன்னதற்கு மறுநாள் உதய் கிளம்பியதும் மாதங்கியும் பின்னாலேயே இறங்கினாள். அவன் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போய் முன்வாசல் வழியாக ஏறினான். அவள் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஏறினாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை.

நோயாளிகளை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டுவிட்டு வீடு திரும்பும் ஆயாக்கள், காவல்காரர்கள், நர்ஸிங் ஹோமில் தரை துடைப்பவர்கள். பாதிப் பேர் நின்றுகொண்டே தூங்கினார்கள். அவளுடைய ஆட்கள் கணக்கெடுத்தது பகலில், தங்கள் ஆபீஸ் நேரத்தில்.

உதய் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் ஓட்டை பெங்காலியில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி அவனுக்கு வெற்றிலையை நீட்டினாள்.

ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாள் நகர்ந்து, மாதங்கிக்குப் பாதி சீட்டைக் கொடுத்தாள். பெயர் லக்ஷ்மியாம். முன்னால் நிற்கும் அந்த ஆள் யார் என்று மாதங்கி பெங்காலியில் மெதுவாகக் கேட்டாள்.

“அவரா? எங்க உதய்தா, எங்க எல்லாருக்கும் அண்ணன். அவரோட மனைவி பஸ் ஆபீஸ்ல பெரிய அதிகாரி. இந்த பஸ்ஸை நிறுத்தவே கூடாதுன்னு அவங்க ஒருத்தர்தான் சண்டை போடறாங்களாம். தினம் வந்து எங்களுக்குத் தைரியம் சொல்லிட்டுப் போறார். காளி மா கிட்ட அந்த அம்மாவுக்காகத்தான் நான் வேண்டிக்கறேன்.”

மாதங்கி சால்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்த ஸ்டாப்பில், அவன் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டாள்.

அன்று ஆபீஸில் முதல் ஆளாகப் போய் மேலதிகாரிக்காகக் காத்திருந்தாள். தன் கணக்கு தவறு என்றாள். முதல் பஸ்ஸிலிருந்து, வேறு ஆட்களை வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்றாள். பணத்துக்கு எங்கே போவது என்று அவர் கேட்டார். வேறொரு தடத்துக்காக சாந்த்ராகாச்சியில் வரப்போகும் சார்ஜிங் நிலையத்திலேயே இதையும் சார்ஜ் செய்துகொள்ளலாம், பகலில் காலியாகப் போகும் நடைகளைக் குறைத்து விடிகாலைக்கு மாற்றலாம் என்று விளக்கினாள். அவர் உடனே சம்மதிக்கவில்லை. விடாமல் திரும்பத் திரும்பப் போய் நின்றாள்.

கடைசியில் புதுக் கணக்கெடுப்பு நடந்தது. தடம் தப்பித்தது. இரண்டு எலெக்ட்ரிக் பஸ்களும் கிடைத்தன.

உத்தரவு கைக்கு வந்த சாயங்காலம்தான் உதயிடம் சொன்னாள். அவன் சந்தோஷத்தில் எழுந்தே விட்டான்.

“நானும் ஒரு நாள் அந்த பஸ்ஸில வந்தேன்” என்றாள்.

உதய் மெதுவாக உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னான். காருக்கு சார்ஜ் போட மறந்துபோன ஒரு நாள், சென்னையிலிருந்து வரும் நண்பனை அழைத்து வர சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு அந்த பஸ்ஸில்தான் போனானாம். பஸ் நிற்கப்போகிற செய்தி அதில் வருகிறவர்களுக்கு எட்டியிருந்தது. நிறுத்தச் சொன்ன அதிகாரியை பஸ்ஸே சேர்ந்து சபித்துக்கொண்டிருந்தது.

“உன்னைத் திட்டறதைக் கேட்டுட்டு என்னால பேசாம இறங்கிப் போக முடியலை. வாயில வந்ததைச் சொன்னேன். நான் போகலைன்னா மறுபடி ஆரம்பிச்சிடுவாங்களோன்னு தினமும் போனேன்.”

மாதங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அதுக்காக அவங்ககிட்டப் பொய் சொல்லலாமா? நிறுத்தச் சொல்லி எழுதினதே நான்தான்னு உனக்குத் தெரியும்.”

“பொய் எங்கே சொன்னேன்?” என்றான் உதய். “நீ எப்படியும் செய்யப் போறதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன்.”