முதலில் குதித்தவர்

விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. புயல். யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் உள்ளே புகை வர ஆரம்பித்தது.

அவசர வாசல் திறந்தது. காற்றடைத்த ரப்பர் சறுக்கு வெளியே விரிந்தது. பணிப்பெண் ஏதோ கத்தினாள். இரைச்சலில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குள் லாரி டிரைவர் ஒருவர், யானைக்குட்டி உடம்பு, எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி முதல் ஆளாகக் குதித்தார்.

பின்வரிசையில் மனைவியோடு இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு ரத்தம் கொதித்தது.

"பார்த்தியா அந்தத் தடியனை! பொம்பளைங்க, குழந்தைங்க இருக்காங்கன்னு ஒரு இது வேண்டாம்? இறங்கினதும் அவனை ஒரு பிடி பிடிக்கிறேன்."

"முதல்ல உசுரோட இறங்குங்க," என்றாள் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி.

வாசல் வந்தது.

"நான் போறேன், நீ பின்னாடியே வா!" ஹெட்மாஸ்டர் சறுக்கினார்.

கீழே டிரைவர் சேற்றில் குப்புறக் கிடந்தார், சறுக்கின் நுனியைக் கட்டிக்கொண்டு.

"முண்டியடிச்சு வந்துட்டு இங்க படுக்கையா? எழுந்திருய்யா!"

"ஐயோ சார், விடுங்க சார்..."

விடுவாரா? முப்பது வருஷம் பிரம்பு பிடித்த கை. காலரைப் பிடித்து ஒரே இழுப்பு.

டிரைவரின் பிடி நழுவியது. அவ்வளவுதான். சறுக்கு காற்றில் எழும்பிப் படபடவென்று அடித்தது. மேலே வாசலில் மனைவி. அவள் முதுகுக்குப் பின்னால் கரும்புகை.

"என்னங்க!"

ஹெட்மாஸ்டர் எம்பினார். எட்டவில்லை. மறுபடி எம்பினார். கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார்.

டிரைவர் ஒரே தாவலில் நுனியைப் பிடித்து, முழு உடம்போடு அதன்மேல் விழுந்தார்.

"காத்துல பறக்கிற தார்ப்பாயை அடக்குற மாதிரிதான் சார். கனமான ஆளு யாராச்சும் முதல்ல இறங்கிப் பிடிங்கன்னு அந்தப் பொண்ணு கத்துச்சுல்ல? அம்மா, தைரியமா வாங்க!"

அம்மா வந்தாள். மிச்சமிருந்த பதினேழு பேரும் வந்தார்கள்.  ஹெட்மாஸ்டரும் டிரைவருக்குப் பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டார்.

தீயணைப்பு அதிகாரி ஓடி வந்தார். சேறு பூசிய இருவரையும் பார்த்தார்.

"சபாஷ்! இந்தக் காத்துல சறுக்கைப் பிடிச்சது யாரு, பெரியவர்தானா?"

ஹெட்மாஸ்டர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார்.

மனைவி முந்திக்கொண்டாள்.

"இவர் பிடிச்சது காலரை. சறுக்கைப் பிடிச்சது லாரி டிரைவர்."