சுயமுகவரி உறை

கதையோடு சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் வைக்க வேண்டும் என்பது அந்தச் சிற்றிதழின் விதி. கதை தேறாவிட்டால் அந்த உறையில் திரும்பி வரும். என் கணவரின் கதைகள் எல்லாமே திரும்பி வந்தன. "எனக்கு நானே கடிதம் போட்டுக்கறேன்" என்று சிரிப்பார். தபால்பெட்டியில் போடுவது நான்தான். இந்த முறையாவது தேறட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போடுவேன்.

அவர் போனபிறகு, பாதியில் நின்ற கதை ஒன்று மேசையில் கிடந்தது. ஒன்பது பக்கம். அவர் எழுதிவைத்த உறைகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மனசு கேட்காமல் இரண்டையும் அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் வாரம் உறை திரும்பி வந்தது. உள்ளே பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. கடைசி மூன்றும் அவர் கையெழுத்துதான்.

ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"நான் ஒன்பது பக்கம்தானே சார் அனுப்பினேன்?"

"பன்னிரண்டும்மா. நல்லாத்தான் எழுதியிருக்கார். முடிவுதான் அவசரப்பட்டுட்டார். மாத்தி எழுதச் சொல்லுங்க. உறை வைக்க மறந்துடாதீங்க."

அவர் இறந்துவிட்டதைச் சொல்லாமலே போனை வைத்தேன். பக்கங்களை அவர் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன்.

இறங்கி வந்தபோது கடைசிப் பக்கம் மாறியிருந்தது. அதன்மேல் ஒரு புது உறை. அதில் அவர் பெயரும் எங்கள் வீட்டு முகவரியும். தொட்டுப் பார்த்தேன். மை விரலில் ஒட்டியது.

தபால்தலையை நானே ஒட்டினேன். பெட்டியில் போடும்போது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, இந்தக் கதை தேறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.