ஊர் திரும்பும் குதிரை

பக்கத்து நாடு நட்புக்காகக் கொடுத்த வெண்கலக் குதிரை, தன் ராஜாவைச் சுமந்தபடி நாற்சந்தியில் நின்றது. தூக்கிய முன்னங்காலைச் சொந்த ஊர் மண்ணில்தான் ஊன்ற வேண்டும் என்று அதற்குத் தீராத ஏக்கம்.

இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. மாலை போட்டு வரவேற்ற ஜனங்களே ராஜாவுக்குச் செருப்பு மாலை போட்டார்கள்.

"நாளைக்கு உன்னைப் பெயர்த்தெடுக்கப் போகிறார்களாம்" என்றது ராஜாவின் தலையில் உட்கார்ந்திருந்த காக்கை.

"ஊருக்கா அனுப்புகிறார்கள்?" என்றது குதிரை.

"ஊருக்குத்தான். ஆனால் முதலில் உருக்கி, பீரங்கிக் குண்டாக வார்ப்பார்களாம்."

குதிரை கேட்டது:

"அங்கே ஆற்றங்கரையில் என்னை வார்த்த ஸ்தபதியின் வீடு இருக்கிறது. அதன்மேல் மட்டும் என்னைப் போட வேண்டாமென்று சொல்கிறாயா?"

"யாரிடம் போய்ச் சொல்ல?" என்றது காக்கை.