கீறிய பக்கங்கள்

“ஆசைங்கறது நாய் மாதிரி, மிஸ் லெட்டிஸ். கட்டிப் போட்டாத்தான் காலடியிலே கிடக்கும்,” என்றார் பாதிரியார் தர்கெல், மூன்றாவது கேக் துண்டை எடுத்தபடி.

“கேக் ஆசையையுமா, ஐயா?”

“அடியே, வாயை அடக்கு!” என்று அதட்டினாள் அத்தை டார்கஸ்.

தாய் தகப்பன் இல்லாத பெண்ணைக் கேட்டு அவரே தேடி வந்த சம்பந்தம். பாதிரியாருக்குச் சொந்த வண்டி, குதிரை எல்லாம் உண்டு. இன்று சம்மதம் சொல்லியாக வேண்டும். லெட்டிஸுக்கோ அவரைக் கண்டாலே கொட்டாவி.

“முந்தாநாள் உங்ககிட்ட குடுத்து வெச்ச நாவல் எங்கே, அம்மணி?” என்று அத்தையைக் கேட்டார் பாதிரியார். “ஒரு கேப்டன் எத்தனை வலை விரிச்சும், அடக்கத்தாலேயே ஜெயிச்ச பெண்ணோட கதை. இதே புத்தகத்தை முதல்லேர்ந்து கடைசி வரை மூணு தரம் படிச்சு அழுதிருக்கேன்.”

“நாவல்னாலே விஷமாச்சே! இவ கண்ணிலே பட்டுடக் கூடாதுன்னு என் பெட்டியிலே பூட்டி வெச்சேன்,” என்று எடுத்து வந்து கொடுத்தாள் அத்தை.

லெட்டிஸ் புரட்டினாள். புரளவில்லை. அந்தக் காலத்துப் புது நாவல்களைப் போல, தாள்கள் கடையிலிருந்து வந்தபடியே விளிம்பு மடிந்து மூடிக் கிடந்தன. கத்தியால் கீறினால்தான் படிக்க முடியும்.

“முன்னுரை மூடியிருக்கு. உபதேசம் மூடியிருக்கு. கடைசியிலே அழற இடமும் மூடியிருக்கு... அட, இது மட்டும் கீறியிருக்கே! கேப்டன் ராத்திரியிலே பழத்தோட்டத்துச் சுவர் ஏறுறான். இங்கேதான் அழுதீங்களா, ஐயா?”

பாதிரியார் முகம் சிவந்தது. “கர்த்தரே! நான் கீறவே இல்லை! வாங்கினபடியே குடுத்தேன்!”

“அப்போ மூணு தரம் படிச்சது?”

பாதிரியார் கேக்கைத் தட்டில் வைத்தார். அவர் உதவிக்கு அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

“இதை மட்டும் படிச்சவரோ, எதையுமே படிக்காம அழுதவரோ, எவரா இருந்தாலும் எனக்கு வேண்டாம், அத்தை!”

அத்தை பெருமூச்சோடு வாசல் கதவைத் திறந்தாள். பொய்முடி கோணிப்போக வெளியேறினார் பாதிரியார்.

“இந்தக் கண்றாவியை அடுப்பிலே போட்டுடவா, அத்தை?”

“குடு. நான் போட்டுக்கறேன்.”

அறைக்குள் போய்த் தாழிட்டாள் அத்தை. அருமையான சம்பந்தம் கைநழுவியபோதும் உண்மையைச் சொல்லிவிடாமல் நாக்கைக் கட்டிப் போட்டதுதான் பெரிய அடக்கம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, தையல் கூடையின் அடியிலிருந்து தாள் கீறும் தந்தக் கத்தியை எடுத்தாள்.

பாவம், கேப்டன் நேற்றிலிருந்து சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கிறான்.