வண்டியில் கை வைத்தவன்

முதலில் வம்பை ஆரம்பித்தது மச்சான்தான். அதில் பெரியவருக்கு இன்றுவரை சந்தேகமே கிடையாது.

வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த ஒரு நாளில், "அத்தானுக்கு கார் ஓட்டத்தான் தெரியும், கவனிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பெண்டாட்டியும் சேர்ந்து சிரித்தாள். கூடப் பிறந்த தம்பியாயிற்றே!

அதற்கு மன்னிப்பு இன்னும் வந்தபாடில்லை.

அன்றோடு பெரியவர் தன் பழைய காரை மெக்கானிக்கிடம் விடுவதையே நிறுத்தினார். விட்டால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடுமே! ஆயில் மாற்றுவது, காற்றடிப்பது எல்லாம் தானே பார்த்துக்கொண்டார். வண்டியும் அவர் மானத்தைக் காப்பாற்றியது. பல வருஷமாக ஒரு முனகல் இல்லை.

அந்த வண்டிதான் இப்போது திரும்ப மாட்டேன் என்கிறது. பவர் ஸ்டீயரிங் எல்லாம் வராத காலத்துக் கார். கொஞ்சம் பலம் கேட்கத்தான் செய்யும். ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தால்?

"உன் தம்பி வேலைதான்" என்றார் மனைவியிடம்.

மச்சான் மாதம் ஒரு ஞாயிறு வண்டியை இரவல் கேட்பான். தர மாட்டேன் என்றால், பழசையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிடும். அதனால் கொடுத்துவந்தார். என்ன வேலை என்று கேட்டால், "சும்மா ஒரு சின்ன வேலை அத்தான்" என்பான். போகும்போது ஒரு சட்டை, வரும்போது வேறு சட்டை. பெரியவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சில மாதங்களுக்கு முன், "என்ன வேலைன்னு சொன்னாத்தான் சாவி" என்று நின்றுவிட்டார். அவன் சிரித்து மழுப்பினான். சாவி பீரோவுக்குள் போனது. அதற்கப்புறம்தான் ஸ்டீயரிங் நாளுக்கு நாள் இறுகியது.

கடைசி தடவை எடுத்துப் போனபோது என்னவோ செய்திருக்கிறான். வேறென்ன?

ஆதாரம் வேண்டும். அதற்காக மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார். மனைவியும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மெக்கானிக் ஆமான்னு சொல்லட்டும். அப்புறம் உன் தம்பி நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது."

"எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தாங்க."

"எனக்குன்னு இருக்கிறது இந்த வண்டி ஒண்ணுதான்."

மெக்கானிக்கிடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஸ்டீயரிங் பெட்டியை மாத்திட்டான்ப்பா. நல்லதைக் கழட்டிக்கிட்டு எதையோ வச்சிருக்கான்."

"யாருங்கய்யா?"

"அது உனக்கெதுக்கு? மாத்தியிருக்கானான்னு மட்டும் பாரு."

மெக்கானிக் முதலில் டயரைப் பார்த்தான். "காத்து சரியா இருக்கு."

"நான் அடிச்ச காத்து. சரியா இல்லாம?"

ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கினான். ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தான். அப்போதும் அதே இறுக்கம்.

"தூக்கின பிறகும் இப்படின்னா, டயர் மேல தப்பு இல்லைங்க."

"அதான் சொல்றேனே, பெட்டி!"

மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்தான். பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றினான்.

"இப்போ திருப்புங்கய்யா."

ஒரே விரலுக்குச் சுற்றியது.

"பெட்டி தங்கமா இருக்கு. வண்டியோட பொறந்தது. யாரும் மாத்தல."

மனைவி மூச்சு விட்டாள்.

"அதுக்குள்ள என்ன பெருமூச்சு? விசாரணை இன்னும் முடியல" என்றார் பெரியவர்.

மெக்கானிக் சக்கரத்தையே இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். முரண்டு பிடித்தது. "இதோ, இங்கதான். சக்கரம் திரும்புற அச்சு வறண்டு போயிருக்கு. பழைய கிரீஸ் காஞ்சு கட்டியாயிடுச்சு. கடைசியா யாருங்க கிரீஸ் வச்சது?"

"வைக்கிறதா? பல வருஷமா என் வண்டியில ஒருத்தனும் கை வச்சதில்ல!"

மெக்கானிக் சிரித்தான். "சும்மா சொல்லாதீங்கய்யா. அத்தனை வருஷம் வைக்காம விட்டிருந்தா அச்சு தேஞ்சு, சக்கரம் ஆட ஆரம்பிச்சிருக்கும். இதுல துளி ஆட்டம் இல்ல. யாரோ மாசாமாசம் அடியில படுத்து ஒழுங்கா வச்சிருக்காங்க. இப்போ கொஞ்ச மாசமாத்தான் நின்னுபோயிருக்கு."

"பாத்தியா! எனக்குத் தெரியாம எவனோ..." என்று பாய்ந்த பெரியவர் பாதியில் நின்றார்.

மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"'வாய்த்துடுக்கா சொல்லிட்டேன்க்கா, அதுக்காக அத்தான் வண்டியைக் காயப் போடறாரே'ன்னு தம்பி புலம்புவான்" என்றாள் மெல்ல. "ஓட்டக் கேட்டா குடுப்பீங்க. கிரீஸ் வைக்கக் கேட்டா குடுத்திருப்பீங்களா?"

மாற்றி மாற்றி வந்த சட்டைகளின் கணக்கு இப்போதுதான் பெரியவருக்குப் புரிந்தது.

மெக்கானிக் கிரீஸ் ஏற்றி முடித்தான். திரும்பும் வழியில் கார் சொன்ன பேச்சு கேட்டது.

இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை வந்து சாவி வாங்கிக்கச் சொல்லு அவனை" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. "நீங்களே ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லுங்களேன்?"

"நானா? எப்படிக் கூப்பிடுவேன்? இத்தனை நாளா அவன் எனக்கு ஒரு மன்னிப்புதான் பாக்கி. இப்போ ரெண்டு. என்னைக் கேக்காம என் வண்டியில கை வச்சிருக்கான் இல்ல?"