இரண்டு ஹாரன்

பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் அனுப்பாவிட்டால் கலாமாவில் கிடைத்த நர்ஸ் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். பாலைவனச் சாலையில் போனுக்குச் சிக்னலே இல்லை. ஆனாலும் யோவானா டேப்லெட்டை மடியிலிருந்து இறக்கவில்லை.

லாரி கவிழ்ந்து செத்துப்போன ஒஸ்வால்டோவுக்காகச் சாலையோரம் கட்டிய அனிமித்தா, அந்தக் குட்டி நினைவுக் கோயில், வந்தது. பொம்மை வீட்டளவுதான் இருக்கும். அதைக் கடக்கும் எல்லோரையும் போல, காரை ஓட்டிய தம்பி எலிசேயோவும் செத்தவருக்கு வணக்கமாக இரண்டு ஹாரன் அடித்தான்.

"ஒஸ்வால்டோ அண்ணே, எப்பாடு பட்டாவது எனக்கு ஒரு லைன் புடிச்சுக் குடுங்க," என்றாள் யோவானா.

"செத்தவர்கிட்ட வைஃபை கேக்கற மொத ஆளு நீதான்க்கா."

டேப்லெட்டில் 'ஒஸ்வால்டோ' என்று ஒரு வைஃபை வந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. நாலு கோடும் நிறைந்திருந்தன. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குச் சம்மதம் போய்ச் சேர்ந்தது.

எண்பது கிலோமீட்டர் தாண்டி கலாமாவுக்குள் நுழைந்தபோதும் அந்த நாலு கோடும் அப்படியே இருந்தன.

"ஓரமா நிறுத்துடா," என்றாள். "பின் கதவைத் தொறந்து விடு. வந்தவர் எறங்கட்டும்."

எலிசேயோ இறங்கிப்போய்த் திறந்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தான். கோடு மூன்றாயிற்று, இரண்டாயிற்று. ஒருவர் நிதானமாக நடந்து தள்ளிப்போகும் வேகத்தில் குறைந்தது. ஒன்று மட்டும் மிஞ்சியபோதுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. அந்த நிம்மதியில், பழக்கதோஷம், எலிசேயோ இரண்டு ஹாரன் அடித்தான்.

ஒற்றைக் கோடு அப்படியே நின்றது. பிறகு இரண்டாயிற்று. பின் கதவை இன்னும் யாரும் சாத்தவில்லை.