குரலுக்கு லீவு

அவசர அழைப்பு மையத்தில் இருபத்தாறு வருடம் போன் எடுத்த ஜெசிந்தா ஓய்வு பெற்ற மறுநாளே, அவளுடைய குரலை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விபத்து, தீ, பிரசவம் என்று யார் அழைத்தாலும், "பதறாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்று அவள் குரலே தேற்றியது. அதையே காரணம் காட்டி ஓய்வூதியத்தை மறுத்தார்கள்.

தூத்துக்குடியில் நடந்த விசாரணையில் அதிகாரி இளம்பரிதி பொறுமையாக விளக்கினார்.

"உங்க குரல் இன்னும் டியூட்டியில இருக்கும்மா. விதிப்படி நீங்க ரிட்டயர் ஆகலை."

பின்வரிசையில், சிறை ஒலிபெருக்கிகளில் தங்கள் குரல் இன்னும் ஒலிப்பதால் இதே போல ஓய்வூதியம் மறுக்கப்பட்ட முன்னாள் சிறைக் காவலர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"அப்ப நான் டியூட்டியிலதான் இருக்கேன், அப்படித்தானே சார்?"

"ஆமா."

"டியூட்டியில இருக்கவளுக்கு லீவு உண்டுல்லா? நாளையிலேர்ந்து எனக்கு லீவு வேணும். என் குரலை நிறுத்திட்டு ஆளைப் போடுங்க."

"எங்களுக்கும் லீவு வேணும் சார்" என்று ஒரு காவலர் எழுந்தார். வரிசை முழுவதும் எழுந்தது.

இளம்பரிதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லீவை மறுக்க விதியில்லை. கொடுத்தால் நாளைக்கே மாவட்டம் முழுக்க ஆள் தேட வேண்டும். சாயங்காலமே ஆணை வந்துவிட்டது. குரல் எங்கே வேலை செய்தாலும், ஆள் வீட்டுக்குப் போன நாள்தான் ஓய்வு பெற்ற நாள். அத்தனை பேருக்கும் ஓய்வூதியம் உண்டு.

வாசலில் அந்தக் காவலர், "குரலைத் திருப்பிக் கேக்கலியாக்கா?" என்றார்.

"பயந்து போய்க் கூப்பிடுதவங்களுக்கு அது இருக்கட்டும் தம்பி. இத்தனை வருசம் மெதுவாவே பேசியாச்சு. இனிமே எனக்குக் கத்தணும்."

அப்போது எதிரே நிறுத்தத்தில் நின்ற, அவள் போக வேண்டிய பஸ் நகர்ந்தது. ஜெசிந்தா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பஸ் நின்றது.